பள்ளிக் கல்வியில் ஜெர்மன் மொழி: அரியக்குடியை முன்வைத்து ஒரு கருத்துரை

ஆய்வுச் சுருக்கம்

இந்தியப் பள்ளிகளில் அயல்மொழியாக ஜெர்மன் கற்பிக்கப்படுவது குறித்த விவாதம் பெரும்பாலும் மும்மொழிக் கொள்கை, சமஸ்கிருதம், நடுவணரசு என்னும் வட்டத்துக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகிறது. சிற்றூர் மாணவர்க்கு அம்மொழி எட்டுமா, எட்டுமெனில் எம்மொழியின் வழியாக எட்டும் என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. காரைக்குடியை அடுத்த அரியக்குடியை அளவுகோலாகக் கொண்டு இவ்விரு வினாக்களையும் இக்கட்டுரை அணுகுகிறது. ஜெர்மன், தமிழுக்கு மாற்றாக அன்றித் தமிழோடு கூடுதலாக, தமிழ் இலக்கணத்தின் வழியே, மதிப்பெண் சுமையின்றிக் கற்பிக்கப்பட வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: அயல்மொழிக் கல்வி, ஜெர்மன், செட்டிநாடு, இருமொழிக் கொள்கை, வேற்றுமை, தமிழ்வழிக் கற்பித்தல்.

முன்னுரை

அரியக்குடி என்றதும் இசையறிந்தோர்க்கு இராமானுச ஐயங்கார் (1890–1967) நினைவுக்கு வருவார். ஏனையோர்க்குத் தென்திருப்பதி எனப் போற்றப்படும் திருவேங்கடமுடையான் கோயிலும், ஊர்ப்பெயரையே அடைமொழியாகக் கொண்டு விற்கப்படும் பித்தளை விளக்குகளும் நினைவுக்கு வரும். இவ்வூரை ஜெர்மன் மொழிக் கல்வியோடு சேர்த்து எண்ணுவோர் அரியர். கல்வித் திட்டம் ஒன்றின் தகுதியை அது பெருநகரில் எவ்வாறு தொடங்கப்படுகிறது என்பதைக் கொண்டு அளப்பது எளிது. அது அரியக்குடி போன்ற ஊரின் பத்தாம் வகுப்பு மாணவியை எட்டுகிறதா என்பதே உண்மையான அளவுகோல். அவ்வளவுகோலால் அளக்கையில், இந்தியாவில் கடந்த பதினைந்து ஆண்டுகளாக நிகழ்ந்துவரும் ஜெர்மன் கல்வி விவாதத்தின் குறைகள் தெளிவாகப் புலப்படுகின்றன.

செட்டிநாடும் பிழைப்புக்கான மொழியும்

அயல்மொழி கற்றல் செட்டிநாட்டுக்குப் புதிதன்று. நகரத்தார் குடும்பத்து ஆடவர் பர்மா, மலாயா, இலங்கை, சைகோன் எனக் கடல் கடந்து தொழில் நடத்திய காலத்தில், அதனைக் ‘கொண்டுவிக்கப் போதல்’ என்றனர். கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்த சிறுவன் அடுத்தாளாகி, மேலாளாகி, இறுதியில் மூன்றாண்டுக் கணக்கில் செல்லும் ஏஜெண்டாக உயர்ந்தான். இப்படிநிலையின் ஒவ்வொரு படியிலும் அவ்வூர் மக்களின் மொழி அவனுக்குத் தேவைப்பட்டது. வாடிக்கையாளரோடு பேசத் தெரியாதவன் கடன் கொடுக்கவும் வசூலிக்கவும் இயலாது. கிட்டங்கியில் வாழ்ந்துகொண்டே, பள்ளிக்கூடமும் பாடநூலும் இன்றி, அவன் அம்மொழியைக் கற்றான்.

இம்மரபில் கருதத்தக்க கூறுகள் இரண்டு உண்டு. முதலாவது, அச்சிறுவன் கப்பலேறுவதற்கு முன்னரே திண்ணைப் பள்ளியில் தமிழையும் எண்சுவடியையும் கற்றிருந்தான். கடைக் கணக்கு எந்நாட்டில் எழுதப்பட்டாலும் தமிழிலேயே எழுதப்பட்டது. அயல்மொழி அவனுடைய தமிழின்மீது ஏறி நின்றதேயன்றித் தமிழை அகற்றவில்லை. இரண்டாவது, அக்கல்விக்கு அவன் தனியே பணம் செலுத்தவில்லை. அச்செலவைத் தொழில் ஏற்றது. இன்று ஜெர்மனி செல்ல விரும்பும் இளைஞர் நிலை இதற்கு நேர்மாறானது. மொழிச்செலவு முழுவதும், வேலை கிடைக்கும் முன்னரே, அவர்தம் குடும்பத்தின்மீது விழுகிறது.

ஒரு வேறுபாட்டையும் குறிப்பிட்டாக வேண்டும். கொண்டுவிக்கச் சென்றோர் ஒரு சமூகத்து ஆடவர் மட்டுமே. பெண்களுக்கும் பிற சமூகத்தார்க்கும் அவ்வாய்ப்பு இல்லை. பள்ளி வழியாக அயல்மொழி வரும்போதுதான் அது அனைவர்க்கும் உரியதாகிறது. பழைய மரபைப் போற்றுவதற்காக அன்றி, அதன் எல்லையைக் கடப்பதற்காகவே பள்ளி தேவைப்படுகிறது.

2011 முதல் 2014 வரை

கேந்திரிய வித்யாலயா சங்கதனும் டெல்லியிலுள்ள கோத்தே நிறுவனமான மாக்ஸ் முல்லர் பவனும் 2011 செப்டம்பரில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்படி ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் மூன்றாம் மொழியாக ஜெர்மன் கற்பிக்கப்பட்டது. மூன்றாண்டுகளில் நாடெங்கும் ஏறத்தாழ 500 பள்ளிகளில் 70,000 மாணவர் அளவில் அம்மொழியைப் பயின்றனர். 2014 அக்டோபர் இறுதியில், சங்கதனின் ஆட்சிக்குழு ஜெர்மனை மூன்றாம் மொழி என்னும் நிலையிலிருந்து நீக்கி, அவ்விடத்தில் சமஸ்கிருதத்தை வைத்தது. மும்மொழித் திட்டத்தில் அயல்மொழிக்கு இடமில்லை என்பது கூறப்பட்ட காரணம். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் நடந்த ஜி-20 மாநாட்டின்போது ஜெர்மன் தலைமையமைச்சர் அங்கேலா மெர்க்கல் இதனை இந்தியப் பிரதமரிடம் எழுப்பினார். பெற்றோர் உச்ச நீதிமன்றத்தை அணுகினர். அவ்வாண்டு சமஸ்கிருதத் தேர்வு நடத்தப்படாது என நடுவணரசு தெரிவித்தது. பின்னர் ஜெர்மன் கூடுதல் மொழி என்னும் நிலையில் தொடர வழி செய்யப்பட்டது.

இம்முடிவில் இருவகைப் பிழைகள் உள்ளன. ஒன்று காலம் பற்றியது. கல்வியாண்டின் நடுவில், பாதிப் பாடம் முடிந்த நிலையில், பன்னிரண்டு வயதுச் சிறுவனிடம் ஒரு மொழியை விடுத்து வேறொன்றைத் தொடங்கு எனக் கூறுவது கல்வியியல் நோக்கில் ஏற்கத்தக்கதன்று. மொழியைப் பாடநேர அட்டவணையில் ஒரு கட்டமாக மட்டும் காண்போரே அவ்வாறு முடிவெடுக்க இயலும். மற்றொன்று விவாதத்தின் வடிவம் பற்றியது. ‘ஜெர்மனா, சமஸ்கிருதமா’ என்று வினவப்பட்டதேயன்றி, மாணவரின் தாய்மொழி எங்கே என வினவப்படவில்லை.

இவ்விரண்டாம் பிழை காரைக்குடியில் நின்று காண்போர்க்கு எளிதில் விளங்கும். வள்ளல் அழகப்பச் செட்டியார் அளித்த நிலத்திலும் நிதியிலும் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆய்வக வளாகத்தில் கேந்திரிய வித்யாலயா ஒன்று இயங்குகிறது. அழகப்பர் கொடையால் வளர்ந்த அதே நகரில், தமிழ் கட்டாயப் பாடமாக இல்லாத கல்வித் திட்டமும் நடைமுறையில் உள்ளது. இந்தியும் ஆங்கிலமும் உறுதி. மூன்றாவது இடத்துக்கே போட்டி. அப்போட்டியில் ஜெர்மன் தோற்றதா, வென்றதா என்பதைவிட, போட்டிக் களத்தில் தமிழ் நிற்கவே இல்லை என்பது தமிழ்த்துறையினர் கருத வேண்டிய செய்தி. ஆயினும் 2014இல் தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பு சமஸ்கிருதத் திணிப்பை மறுப்பதோடு பெரும்பாலும் நின்றுவிட்டது. அம்மறுப்பு தேவையானதே. எனினும், ஜெர்மன் கற்ற மாணவர்க்கு நேர்ந்த இழப்பைத் தமிழ்நாடு தன் கல்விச் சிக்கலாக எடுத்துக்கொள்ளவில்லை.

இருமொழிக் கொள்கையின் உள்ளே ஓர் இடம்

1968 ஜனவரி 23 அன்று சட்டமன்றத் தீர்மானத்தின் வழியாகத் தமிழ்நாடு இருமொழிக் கொள்கையை ஏற்றது. 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்பு வரை தமிழைப் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. இவ்விரண்டும் தமிழுக்கு அரணாக நிற்பவை. ஜெர்மன் கல்வியை வேண்டுவோர் இவ்வரணை உடைக்கத் தேவையில்லை, உடைத்தலும் கூடாது.

ஆனால், மேல்நிலை வகுப்புகளில் நிலை வேறு. அங்கு முதற்பகுதி மொழிப்பாடமாகத் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு, ஜெர்மன், இந்தி, சமஸ்கிருதம் முதலியவற்றுள் ஒன்றை எடுக்க இயலும். நகரத்துத் தனியார் பள்ளிகளில் இவ்வாய்ப்பு எதற்காகப் பயன்படுகிறது என்பது யாவரும் அறிந்ததே. தமிழில் பெறுவதைவிடக் கூடுதல் மதிப்பெண் கிடைக்கும் என்பதே நோக்கம். ஈராண்டு பிரெஞ்சு படித்து உயர் மதிப்பெண் பெற்ற மாணவர் அம்மொழியில் ஒரு மடல் எழுத இயலாமல் நிற்பதும் உண்டு. இங்கே தமிழும் இழக்கப்படுகிறது, அயல்மொழியும் பெறப்படுவதில்லை. தமிழை விலக்கிப் பெறும் அயல்மொழிக் கல்வி, அயல்மொழி நோக்கிலும் தோல்வியே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஆகவே ஜெர்மனுக்கு உரிய இடம் முதற்பகுதியிலும் இல்லை, மூன்றாம் மொழி என்னும் கட்டாயத்திலும் இல்லை. ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளில், விரும்புவோர்க்கு, மொத்த மதிப்பெண்ணில் சேராத கூடுதல் பாடமாக அது அமைய வேண்டும். தேசியக் கல்விக் கொள்கை 2020 இடைநிலைக் கல்வியில் அளிக்கத்தக்க அயல்மொழிகளுள் ஜெர்மனையும் சுட்டுகிறது. அக்கொள்கையின் மும்மொழிக் கூற்றை மறுத்துக்கொண்டே, இவ்வாய்ப்பைத் தமிழ்நாடு தன் வழியில் அமைத்துக்கொள்ளலாம்.

தமிழ் இலக்கணத்தின் வழியே ஜெர்மன்

இந்தியாவில் ஜெர்மன் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகக் கற்பிக்கப்படுகிறது. இது தமிழ்வழிப் பள்ளி மாணவரை வாயிலிலேயே நிறுத்திவிடுகிறது. அரியக்குடி மாணவி ஜெர்மனுக்கு முன் ஆங்கிலத்தில் தேர்ச்சி பெற வேண்டும் எனில், அவளுக்கு அது இரட்டைச் சுமை. ஆனால் ஜெர்மன் இலக்கணத்தின் பல கூறுகளுக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழே நெருங்கிய துணை என்பதை மொழிகளை ஒப்பிடுவோர் உணர்வர்.

வேற்றுமையை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனில் நான்கு வேற்றுமைகள் உண்டு. அவற்றுள் மூன்றாவதாக எண்ணப்படும் ‘டாட்டிவ்’ ஆங்கிலவழி கற்போரைப் பெரிதும் தடுமாறச் செய்வது. தமிழ் மாணவர்க்கோ அது பழகிய நான்காம் வேற்றுமை. ‘எனக்குக் குளிர்கிறது’ என்பதை ஜெர்மானியர் ‘மியர் இஸ்ட் கால்ட்’ என்பர். ‘மியர்’ என்பது ‘எனக்கு’. ‘இது எனக்குப் பிடித்திருக்கிறது’ என்பதும் அவ்வாறே. ‘உதவு’ என்னும் வினை தமிழில் ‘அவனுக்கு உதவு’ என நான்காம் வேற்றுமையை ஏற்கிறது. ஜெர்மனிலும் அதற்கிணையான வினை ‘டாட்டிவ்’ வேற்றுமையையே ஏற்கிறது. ‘நன்றி கூறு’ என்னும் பொருளுடைய வினையும் அத்தகையதே. ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு தேய்ந்து மறைந்துவிட்டதால், ஆங்கிலவழி கற்போர் இவற்றை விதிவிலக்குகளாக மனப்பாடம் செய்கின்றனர். தமிழ்வழி கற்போர்க்கு இவை இயல்பு. ‘டாட்டிவ்’ என்னும் பெயர் கொடுத்தல் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து வந்தது. நன்னூலும் நான்காம் வேற்றுமைப் பொருள்களுள் கொடையையே முதலில் வைக்கிறது. தமிழாசிரியர் ஒருவர் இதனைக் கரும்பலகையில் எழுதிக் காட்ட ஒரு பாடவேளை போதும்.

சொற்றொடரமைப்பும் அத்தகையது. ஜெர்மனில் சார்புத்தொடரின் முற்றுவினை இறுதியில் நிற்கும். ‘அவன் இன்று காரைக்குடிக்கு வருகிறான் என்று’ எனும் தொடரை ஜெர்மனில் அமைக்கையில், ‘என்று’ என்பதற்கு ஈடான சொல் முன்னே செல்லும். எஞ்சிய சொற்கள் அவன், இன்று, காரைக்குடிக்கு, வருகிறான் என அதே வரிசையில் நிற்கும். ஆங்கிலம் அறிந்தோர்க்கு வியப்பூட்டும் இவ்வமைப்பு தமிழ் மாணவர்க்கு வியப்பன்று. ‘நீ’, ‘நீங்கள்’ என்னும் மரியாதை வேறுபாடு ஜெர்மனில் ‘டு’, ‘ஸீ’ என உள்ளது. தொகைச்சொற்களும் நெருக்கமானவை. கையுறையை ஜெர்மன் ‘கைச்செருப்பு’ எனும் பொருள்படத் தொகுக்கிறது. மருத்துவமனையை ‘நோயாளர் வீடு’ என்கிறது.

வேறுபாடுகளையும் மறைத்தல் ஆகாது. தமிழில் திணையும் பாலும் பொருளைப் பற்றி வருவன. ஜெர்மனிலோ பால் சொல்லைப் பற்றியது. ஞாயிறு பெண்பால், திங்கள் ஆண்பால், ‘சிறுமி’ என்னும் சொல் இவ்விரண்டும் அல்லாத மூன்றாம் பால். தமிழில் இல்லாத சுட்டடைகள் ஜெர்மனில் பாலுக்கும் எண்ணுக்கும் வேற்றுமைக்கும் ஏற்ப மாறுவன. இவை உழைத்துக் கற்க வேண்டியவை. எனினும், எங்கே தமிழ் துணை நிற்கும், எங்கே நிற்காது என முன்னரே வகுத்துக் காட்டும் பாடநூல் கற்றலின் பாதித் துன்பத்தைக் குறைக்கும். அத்தகைய பாடநூலை எழுத வேண்டியவர்கள் ஜெர்மன் ஆசிரியர் மட்டும் அல்லர், தமிழ்த்துறையினரும் ஆவர்.

தமிழாய்வுக்கு நேரும் பயன்

ஜெர்மன் கல்வியை வேலைவாய்ப்புக்கு மட்டும் உரியதாகக் காண்பது தமிழுலகுக்கு இழப்பு. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு திண்ணைப்பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றவர். அவரும் அவருக்குப் பின் வந்தோரும் தமிழ்நாட்டைப் பற்றி எழுதியனுப்பிய மடல்களும் குறிப்புகளும் ஜெர்மனியின் ஹாலே நகரில் பேணப்படுகின்றன. அவற்றுள் சிறப்பாகச் சுட்டத்தக்கவை தமிழர் எழுதிய மடல்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சமயம், சடங்கு, குடும்பம், கல்வி முதலியன பற்றி எழுப்பப்பட்ட வினாக்களுக்குத் தமிழர் தம் மொழியில் விடை எழுதினர். அவை ஜெர்மனில் பெயர்க்கப்பட்டு ஹாலேயில் அச்சேறின. அவற்றின் தமிழ் மூலங்கள் இன்று கிடைப்பதில்லை. ஜெர்மன் பெயர்ப்பே எஞ்சியுள்ளது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த தமிழரின் குரலைக் கேட்க இன்றைய தமிழாய்வாளர் ஜெர்மன் அறிந்திருக்க வேண்டும் என்பது இதன் பொருள். ஆங்கிலப் பெயர்ப்பை மட்டும் நம்பின், ஒருமுறை பெயர்க்கப்பட்டதை மீண்டும் ஒருமுறை பெயர்த்த நிலையில் அக்குரல் நம்மை அடையும்.

கார்ல் கிரவுல் 1856இல் திருக்குறளை ஜெர்மனில் வெளியிட்டார். கொலோன் பல்கலைக்கழகத்தின் தமிழ்த்துறைக்கு நெருக்கடி நேர்ந்தபோது தமிழ்நாடு அரசு நிதியுதவி அளிக்க முன்வந்தது. ஜெர்மனியில் தமிழ் வாழ வேண்டும் என விழையும் நாம், தமிழ்நாட்டில் ஜெர்மன் அறிந்த தமிழாய்வாளரை உருவாக்கவும் முயல வேண்டும். காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா திரட்டிய நூல்களைத் தேடி அயல்நாட்டு அறிஞர் தமிழ் கற்று வந்தனர். அதே வட்டாரத்திலிருந்து ஹாலேயின் ஆவணங்களைத் தேடி ஜெர்மன் கற்றுச் செல்லும் ஒருவரேனும் உருவாவது முறையான எதிர்நோக்கே. முனைவர் பட்டப் பதிவுக்குப் பின் அம்மொழியைத் தொடங்குவது காலம் கடந்த முயற்சி. பள்ளிப் பருவமே அதற்குரியது.

மறுப்புகளும் விடைகளும்

முதல் மறுப்பு, ஏழை மாணவர்க்குத் தமிழும் ஆங்கிலமுமே சுமையாக இருக்கையில் ஜெர்மன் எதற்கு என்பது. பரிவோடு கூறப்படும் இம்மறுப்பின் விளைவு பரிவற்றது. வசதியுடைய மாணவர் எவ்வாறேனும் அம்மொழியைப் பெறுவர். மறுக்கப்படுவது வசதியற்றவர்க்கு மட்டுமே. ஜெர்மனியில் செவிலியராகப் பதிவு பெறப் பொதுவாக பி2 நிலைத் தேர்ச்சி வேண்டும். பட்டம் பெற்றபின், தனியார் பயிற்சி நிலையத்தில், பெருநகர் விடுதியில் தங்கி அதனைப் பெறுவதற்கு ஆகும் செலவு கடனாகவே முடிகிறது. இந்தியாவும் ஜெர்மனியும் 2022 டிசம்பரில் குடிபெயர்வு உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. இந்தியத் திறன்பணியாளர்க்கான ஆண்டு விசா எண்ணிக்கையை 20,000இலிருந்து 90,000ஆக உயர்த்துவதாக 2024 அக்டோபரில் ஜெர்மனி அறிவித்தது. கதவு திறந்திருக்கிறது, அதன் திறவுகோல் மட்டும் விலைக்கு விற்கப்படுகிறது.

இரண்டாம் மறுப்பு, இது இளைஞரை நாட்டைவிட்டு வெளியேற்றும் என்பது. மொழி அறியாதோரும் வெளியேறுகின்றனர்; ஒப்பந்தத்தைப் படிக்க இயலாமல் வெளியேறுகின்றனர் என்பதே வேறுபாடு. மொழியறிவு செல்வோரின் பேரம்பேசும் ஆற்றலை உயர்த்தும். செல்லாதோர்க்கும் அறிவுத் துணையாகும்.

மூன்றாம் மறுப்பு தமிழ்ப்பற்றின் பாற்பட்டது. அயல்மொழி தமிழைத் தேய்க்கும் என்பது. ஜெர்மனியில் வாழும் ஈழத்தமிழர் இதற்கு மறுசான்று. அவர்தம் பிள்ளைகள் பள்ளியில் ஜெர்மன் பயின்று, வார இறுதியில் தமிழாலயங்களில் தமிழ் பயில்கின்றனர். தமிழைத் தேய்ப்பது இன்னொரு மொழியைக் கற்பதன்று. தமிழுக்குரிய இடத்தில் இன்னொன்றை வைப்பதே.

நடைமுறைக்கான வழி

ஒவ்வொரு பள்ளிக்கும் ஜெர்மன் ஆசிரியர் ஒருவரை அமர்த்துதல் இன்று இயலாது. காரைக்குடியை நடுவமாகக் கொண்டு, அரியக்குடி முதலான சுற்றூர்ப் பள்ளிகளை ஒரு தொகுதியாக்கி, ஓராசிரியர் முறைவைத்துச் சென்று கற்பிக்கலாம். வாரத்துக்கு மூன்று பாடவேளை, ஆண்டுக்கு 35 வாரம் எனக் கொள்ளின், நான்கு ஆண்டுகளில் 420 பாடவேளைகள் கிடைக்கும். ஏ2 நிலைக்கு இது போதுமானது. முனைந்து கற்போர் பி1 நிலையையும் நெருங்க இயலும். பள்ளி முடிக்கும் மாணவி கையில் ஏ2 சான்றிதழ் இருப்பின், பி2 நோக்கிய பாதையில் கணிசமான பகுதியை அவள் செலவின்றிக் கடந்திருப்பாள். தேர்வுக் கட்டணத்தை அரசே ஏற்றல் வேண்டும். அன்றேல் கற்றும் சான்று பெற இயலாதோர் எஞ்சுவர்.

ஆசிரியர் ஆக்கத்துக்கும் பாடநூல் ஆக்கத்துக்கும் காரைக்குடியிலேயே அழகப்பா பல்கலைக்கழகம் உள்ளது. அங்குள்ள தமிழ், கல்வியியல் துறைகள் சென்னை மாக்ஸ் முல்லர் பவனோடு இணைந்து, தமிழ்வழி ஜெர்மன் பாடநூல் ஒன்றை உருவாக்கலாம். 2014இன் படிப்பினையும் மறத்தலாகாது. தொடங்கிய வகுப்பு அதன் நான்காண்டும் முடியும்வரை நிறுத்தப்படாது என்னும் உறுதி அரசாணையிலேயே இடம்பெற வேண்டும். நடுவில் கைவிடப்படும் மொழிக்கல்வி, தொடங்காதிருப்பதைவிடத் தீமை பயப்பது.

முடிவுரை

2014இல் நிகழ்ந்த விவாதம் எம்மொழியை எம்மொழிக்கு மாற்றாக வைப்பது என்பதாகவே இருந்தது. தமிழ்நாட்டுக்கு வேண்டிய விவாதம் அதுவன்று. தமிழ் உறுதியாக நிற்கும் வகுப்பறையில், தமிழின் துணைகொண்டு, இன்னொரு மொழியை யார்க்கெல்லாம் கொடுக்க இயலும் என்பதே அது. பெட்டியடிப் பையனுக்கு அவன் தொழில் அளித்ததை, இன்று அரியக்குடியின் எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளுக்கும், பெண்களுக்கும் உட்பட, பள்ளி அளிக்க வேண்டும். அளிக்கத் தவறின் ஜெர்மன் தமிழ்நாட்டில் இல்லாமற் போய்விடாது. பணம் உடையோர்க்கு மட்டும் உரிய மொழியாக அது நிலைத்துவிடும்.